பொங்கலுக்கு வீடு பார்க்க வருகிறார்கள், தோட்டம் பனியில் கருகிக் கிடக்கிறது

மலைத் தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதத் தபாலில் நான்கு கடிதங்கள் ஒரே கவலையைச் சொல்கின்றன. மலையில் இருக்கும் வீட்டை விற்க வேண்டும், வாங்குகிறவர்கள் வரும் நேரம் பார்த்துத் தோட்டம் அழுது வடிகிறது. நான் குன்னூரில் இருபத்தாறு வருடம் நர்சரி நடத்தியவள். என் மாமனார் வீட்டைக் குளிர்காலத்தில் விற்றும் இருக்கிறேன். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டு இந்த நான்குக்கும் இப்போதே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. எல்லநள்ளிக்குக் கீழே, கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி எங்கள் வீடு. ஓட்டு வீடு, இருபத்தொரு சென்ட் இடம். என் கணவர் ஓய்வு பெற்றுவிட்டார். மகன் கோவையில் இருப்பதால் அங்கேயே போய்விடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பொங்கல் விடுமுறையில் இரண்டு குடும்பம் வீடு பார்க்க வருவதாகத் தரகர் சொல்கிறார். தோட்டத்தைப் பார்த்தால் எனக்கே மனசு கேட்கவில்லை. புல்தரை வைக்கோல் நிறத்தில் கிடக்கிறது. டேலியாவும் நாஸ்டர்ஷியமும் ஒரே இரவில் கருகிவிட்டன. ஹைட்ரேஞ்சியா வெறும் குச்சி. நாற்பது ஐம்பது பூந்தொட்டி வாங்கி வாசலில் அடுக்கிவிடலாமா? கருகியதை எல்லாம் வெட்டித் தள்ளிவிடலாமா? கையில் ஆறு வாரம் இருக்கிறது.
– ஒரு வாசகி, எல்லநள்ளி

பதில்: சகோதரி, தொட்டிகளை வாங்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தவறை நான் செய்திருக்கிறேன்.

2012 ஜனவரியில் லவ்டேல் பக்கம் இருந்த மாமனார் வீட்டை விற்க வேண்டியிருந்தது. என் நர்சரியிலிருந்து அறுபது தொட்டி பெட்டூனியா, சால்வியா, பிகோனியா ஏற்றிக்கொண்டு போய், கேட்டிலிருந்து வாசல் வரை இரண்டு பக்கமும் வரிசையாக வைத்தேன். மறுநாள் பத்து மணிக்குத் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. அன்று இரவு வானத்தில் ஒரு மேகம் இல்லை, காற்றும் இல்லை. விடிந்து பார்த்தால் எல்லாத் தொட்டியிலும் உப்பைத் தூவியது போல உறைபனி. வெயில் பட்டதும் கண் முன்னாலேயே இலைகள் வெந்த கீரையாகத் துவண்டு கறுத்தன. வந்தவர்கள் அந்த வரிசையின் நடுவே நடந்துதான் வீட்டுக்குள் போனார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அந்தக் குடும்பத்துப் பெரியவர் பூவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக வீட்டின் பின்பக்கம் போனார். மேட்டிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டார். தடுப்புச்சுவரில் இந்த விரிசல் எப்போது விழுந்தது என்று கேட்டார். பின்பக்க வாய்க்காலில் இலையும் மண்ணும் முழங்கால் உயரத்துக்கு அடைத்துக் கிடந்தன. சுவரில் தண்ணீர் கசிய விட்டிருந்த துளைகளை அடைத்துக்கொண்டு புல் முளைத்திருந்தது. என்னிடம் பதில் இல்லை. அவர்கள் திரும்பி வரவில்லை.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 2009 நவம்பர் மழையில் கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பக்கமெல்லாம் மண் சரிந்து எத்தனை வீடுகள் போயின, எத்தனை உயிர்கள் போயின என்பது உங்களுக்கும் தெரியும். நீங்கள் அந்தப் பள்ளத்தாக்கின் மேலேயே இருக்கிறீர்கள். சமவெளியிலிருந்து வருகிறவர்களும் அதை மறக்கவில்லை. மலையில் வீடு வாங்க வருகிறவருக்கு முதல் பயம் தண்ணீரும் மண்ணும்தான். பூ அதற்கப்புறம்.

ஆகவே முதல் இரண்டு வாரத்தை வாய்க்காலுக்குக் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் சற்று இறுகிய இந்த நேரம்தான் இந்த வேலைக்குச் சரியான நேரம். மேட்டுப் பக்க வாய்க்காலை அடிவரைக்கும் தூர் வாருங்கள். அள்ளிய மண்ணை வாய்க்கால் கரையிலேயே போட்டால் அடுத்த மழையில் திரும்ப உள்ளேதான் விழும், தள்ளிக் கொண்டுபோய்ப் பாத்திகளில் போடுங்கள். தடுப்புச்சுவர்த் துளைகளை ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். சுவர் வெளியே பிதுங்கியிருந்தால் அதன் மேல் சிமெண்ட் பூசி வெள்ளையடித்து மறைக்க வேண்டாம். ஒரு நல்ல கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டி, என்ன செலவாகும் என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் கேட்டால் அந்தத் தாளை எடுத்துக் காட்டலாம். வாங்கின பிறகு அடுத்த ஐப்பசியில் அந்தச் சுவர் அவர்கள் தலைமேல்தானே நிற்கப்போகிறது? மறைத்து விற்பது பாவம் என்றே நான் நினைக்கிறேன். செப்டிக் டேங்க் மூடியைப் புல் மூடியிருந்தால் அதையும் வெட்டி வெளியே தெரிய வையுங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

அடுத்தது படிகள். மலை வீடென்றால் எங்கே போனாலும் நாலு படி ஏறி இறங்க வேண்டும். மழை மாதங்களில் பாசி பிடித்து வழுக்கும். கெட்டித் துடைப்பத்தால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, அரைமணி நேரம் கழித்து மறுபடி தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய தண்ணீர் பாத்திக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடும் கற்களைக் கலவை வைத்து உட்கார வையுங்கள். ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு மூங்கில் கைப்பிடி கட்டினால் வயதானவர்களுக்கு உதவும். வீடு பார்க்க வரும் குடும்பத்தில் நிச்சயம் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார்கள். அவர்களுக்குப் பிடிக்காத வீட்டைப் பிள்ளைகள் வாங்கி நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, வெயில். இதை யாரும் யோசிப்பதில்லை. மார்கழியிலும் தையிலும் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். மே மாதத்தில் வெயில் விழும் இடத்தில் இப்போது நாள் முழுக்க நிழல் இருக்கலாம். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, காலை ஒன்பது, பதினொன்று, மதியம் இரண்டு, நான்கு என்று தோட்டத்தைச் சுற்றி நடந்து எங்கே வெயில் விழுகிறது என்று பாருங்கள். பதினொன்றிலிருந்து இரண்டு வரை எந்த இடத்தில் வெயில் நிற்கிறதோ அங்கே ஒரு பெஞ்சு போடுங்கள். பழைய மரப்பெஞ்சு போதும், ஆடாமல் இருக்க வேண்டும். கோவையிலிருந்து மெல்லிய சட்டையில் வந்து நடுங்கிக்கொண்டு நிற்கிறவரை அந்தப் பெஞ்சில் உட்கார வைத்து, சூடாக ஒரு டீ கொடுத்துப் பாருங்கள். என் மாமனார் வீட்டைப் பிப்ரவரியில் வாங்கிய தம்பதி சமையலறைப் பக்கத்து வெயிலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் வாய்க்காலைத் தூர் வாரி, படிகளைச் சரிசெய்து வைத்திருந்தேன். கருகின தொட்டிகளை எல்லாம் நர்சரிக்கே திருப்பி அனுப்பியிருந்தேன். அந்த அம்மா கேட்டது ஒன்றுதான், "இந்த இடத்தில் தினமும் வெயில் வருமா?"

இப்போது செடிகளுக்கு வருவோம். கருகியதை வெட்டலாமா என்று கேட்டீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பதில்.

நாஸ்டர்ஷியத்தைப் பிடுங்கிவிடுங்கள். விதை மண்ணில் விழுந்திருக்கும், மழை கண்டதும் தானாக வரும். டேலியாத் தண்டை ஒரு சாண் உயரம் விட்டு வெட்டி, மேலே காய்ந்த இலைகளைக் கனமாகப் பரப்புங்கள். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். ஃபியூஷியாவிலும் ஜெரேனியத்திலும் கருகின நுனியைப் பிப்ரவரி கடைசி வரை தொடாதீர்கள். அந்தக் காய்ந்த இலைதான் உள்ளே இருக்கும் மொட்டுகளுக்குப் போர்வை. வெட்டிவிட்டால் புதுத்துளிர் வரும், அடுத்த பனி அதையும் எரிக்கும். ஹைட்ரேஞ்சியாவின் பழைய பூங்கொத்தை மட்டும் கிள்ளலாம், குச்சியை வெட்டக் கூடாது. நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும் பெரிய உருண்டைப் பூ வகை, போன வருடத்துக் குச்சியின் நுனி மொட்டிலிருந்துதான் பூக்கும். இப்போது மொட்டையடித்தால் வாங்குகிறவருக்கு முதல் வருடம் பூவே இருக்காது.

ரோஜாவுக்கு மட்டும் இது கவாத்துக் காலம். ஊட்டி அரசு ரோஜாப் பூங்காவில் கவாத்து நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, பென்சிலைவிட மெல்லிய கிளை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். ஜனவரி முதல் வாரத்தில் வெட்டினால் சீசன் தொடங்கும்போது பூத்து நிற்கும். கவாத்து செய்த ரோஜாப் பாத்தி பார்வைக்கு மொட்டையாக இருந்தாலும், சுற்றிக் களை எடுத்து நன்றாக மக்கிய தொழு உரம் போட்டிருந்தால் பராமரிப்பு உள்ள தோட்டம் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

புல்தரைக்கு நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். உங்களிடம் இருப்பது கிக்குயு புல்லாகத்தான் இருக்கும். பனியில் மேலே காயும், கீழே உயிரோடு இருக்கும், கோடை மழைக்குப் பச்சை பிடித்துவிடும். இப்போது யூரியா போட வேண்டாம், இளந்தளிர் வந்தால் பனிக்குத்தான் இரை. ஒட்ட வெட்டவும் வேண்டாம். செய்ய வேண்டிய வேலை ஓரத்தில் இருக்கிறது. பாத்திக்குள் ஊர்ந்துபோன புல்லை, கயிறு கட்டி நேர்கோட்டில் மண்வெட்டியால் வெட்டி எடுங்கள். பாத்தி மண்ணைக் கிளறி அதன் மேல் கறுப்பாக மக்கு உரம் பரப்புங்கள். வைக்கோல் நிறப் புல்லும் கறுப்பு மண்ணும் ஒரு சுத்தமான கோட்டில் சந்தித்தால், பூ ஒன்றுகூட இல்லாத தோட்டமும் துவைத்துப் பெட்டி போட்ட வேட்டி மாதிரி இருக்கும். எனக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். மூன்று ஆள் இரண்டு நாளில் முடித்துவிடலாம்.

உறைபனி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்ந்த இடங்களில் முதலில் பனி விழுவது அதனால்தான். உங்கள் தோட்டத்தின் கீழ் எல்லையில் அடர்த்தியாகச் சைப்ரஸ் வேலி இருந்தால் அது அணை போல அந்தக் காற்றைத் தடுத்து நிறுத்திவிடும். வேலியின் அடிக்கிளைகளை ஓரிடத்தில் கழித்து வழி விட்டால் பனியின் கடுமை குறையும். பள்ளத்தாக்கும் அந்த வழியாகக் கண்ணுக்குத் தெரியும், வீட்டு விலைக்கு அதுவும் நல்லது. வருகிறவர்கள் வரும் முந்தின நாள் மதியம் பாத்திகளுக்குத் தண்ணீர் விடுங்கள். ஈர மண் பகல் சூட்டை அதிக நேரம் வைத்திருக்கும். சாயங்காலம் முக்கியமான செடிகளைப் பழைய சாக்காலோ மிலார் என்கிற மலைச்செடியின் தழையாலோ மூடுங்கள். தாவரவியல் பூங்காவில் மூடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான். பிளாஸ்டிக் தாள் இலையில் பட்டால் பட்ட இடம் கருகும். எல்லாவற்றையும் மீறி விடியற்காலையில் உறைபனி படிந்திருந்தால், வெயில் விழுவதற்கு முன் குழாய்த் தண்ணீரைப் பூவாளியால் தெளித்துக் கழுவிவிடுங்கள்.

தரகரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், பத்தரை மணிக்கு முன்னால் யாரையும் அழைத்து வர வேண்டாம். உறைந்த புல்லை மிதித்தால் மறுநாள் ஒவ்வொரு காலடியும் கறுப்பாகத் தெரியும், அது பல நாள் போகாது.

பூ வேண்டும் என்று உங்களுக்கு ஆசையிருந்தால் வாசலில், கூரைக்கு அடியில் எட்டுத் தொட்டி வையுங்கள். பேன்சியும் காலண்டுலாவும் இந்தக் குளிரைத் தாங்கும். கூரை நிழலில் பனி நேராக விழாது. சைக்ளமன் கிடைத்தால் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே இரண்டு. கமேலியா மரம் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அது பூக்கும் காலமே இதுதான். உதிர்ந்த பூக்களைத் தினமும் பெருக்கிவிட்டு, நல்ல பூக்கள் நான்கைத் தண்ணீர்க் கிண்ணத்தில் மிதக்க விட்டு மேஜையில் வையுங்கள்.

போன மே மாதத்தில் எடுத்த புகைப்படம் இருக்கிறதா? ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூத்து நிற்கிற படம், புல்தரை பச்சையாக இருக்கிற படம். கைப்பேசியில் காட்டாமல் பெரிதாக அச்சிட்டு வாசல் மேஜையில் வையுங்கள். இப்போதைய நிலையையும் அந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் அவர்களுக்கே புரிந்துவிடும். இன்னொன்று, இலைச் சருகைக் குவித்துத் தீ வைக்காதீர்கள். ஜனவரிக்கு மேல் மலை காய்ந்து கிடக்கிறது, ஒரு பொறி போதும். மூலையில் குவித்து மக்க விடுங்கள்.

கேள்வி: கொடைக்கானல் நாயுடுபுரத்தில் என் அப்பா கட்டிய வீடு. தெற்கு எல்லையில் இரண்டு பெரிய சைப்ரஸ், ஒரு சீகை மரம். குளிர்காலத்தில் வீடு முழுக்க நிழல், சுவரெல்லாம் ஈரம். மரங்களை எடுத்துவிட்டால் வீடு வெளிச்சமாகும், விலையும் கூடும் என்கிறார்கள். ஒரே நாளில் வெட்டித் தர ஆள் தயாராக இருக்கிறார். அதோடு, காட்டெருமைகள் இரவில் வந்து வேலியைச் சாய்த்துவிட்டுப் போகின்றன. முள்கம்பி போடட்டுமா?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: ஐயா, ஒரே நாளில் வெட்டித் தருகிறேன் என்கிற ஆளை முதலில் திருப்பி அனுப்புங்கள். மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொந்த நிலத்து மரமானாலும் மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. அனுமதி இல்லாமல் வெட்டிய அடிக்கட்டை மூன்று தோட்டத்தில் நிற்க, விவரம் தெரிந்த ஒருவர் வீடு பார்க்க வந்தால் கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும். வீட்டின் மேல் சாய்ந்திருக்கும் மரம் என்றால் விண்ணப்பம் கொடுங்கள். விண்ணப்ப நகலையே வாங்குகிறவரிடம் காட்டலாம்.

கிளை கழிப்பதற்கும் முன்னதாக வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சரி என்றால், சைப்ரஸின் கீழ்க்கிளைகளை ஓர் ஆள் உயரத்துக்கு மேல் வரைக்கும் கழித்தாலே சாய்வான குளிர்கால வெயில் கொஞ்சம் உள்ளே வரும். இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் தெற்கு எல்லை சரிவின் விளிம்பாக இருந்தால் அந்த மரங்களின் வேர்தான் அங்கே மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுவர் ஈரத்துக்கு மரம் மட்டும் காரணமாக இருக்காது. சுவரை ஒட்டிப் பாத்தி போட்டு மண் உயர்த்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படியென்றால் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி மண்ணை இறக்கி, ஜல்லி கொட்டுங்கள். கூரைத் தண்ணீர் விழும் குழாய் எங்கே போய் முடிகிறது என்பதையும் பாருங்கள். பல வீடுகளில் நான் கண்ட காரணம் அதுதான்.

காட்டெருமைக்கு முள்கம்பி வேண்டாம். அதற்கு அது ஒரு தடையே இல்லை, அறுந்த கம்பியில் காயம்பட்ட விலங்கு வீட்டுப் பக்கம் நிற்பது இன்னும் ஆபத்து. மின்வேலி என்று யாராவது சொன்னால் வனத்துறையிடம் கேட்காமல் தொடவே தொடாதீர்கள். சாய்ந்த வேலியை நிமிர்த்தி, கேட் தாழ்ப்பாளைச் சரிசெய்யுங்கள். சமையல் கழிவு போடும் குழி திறந்து கிடந்தால் மூடுங்கள். காட்டுப்பன்றியை வீட்டுப் பக்கம் இழுப்பது அதுதான். நீலகிரிப் பக்கமென்றால் கரடியும் வரும். வருகிறவர்களிடம் விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். எந்தப் பக்கமாக வரும், எந்த நேரத்தில் வெளியே விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும் என்று விளக்கிச் சொல்லுங்கள். முதல் இரவிலேயே ஜன்னலுக்கு வெளியே மூச்சுச் சத்தம் கேட்டுப் பதறுவதைவிட, முன்னாலேயே தெரிந்திருப்பது அவர்களுக்கு நல்லது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் இரண்டு பேரி மரமும் ஒரு பிளம்ஸ் மரமும் இருக்கின்றன. வீடு பார்க்க வந்த சென்னைக்காரர், "மரமெல்லாம் பட்டுப்போய்விட்டதே" என்று சொல்லி விலையைக் குறைக்கப் பார்க்கிறார். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அவர் சொன்னதில் சூது இருக்க வேண்டியதில்லை அம்மா. மாமரமும் வேப்பமரமும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இலை முழுக்கக் கொட்டின மரம் செத்த மரமாகத்தான் தெரியும். அடுத்த முறை அவர் வரும்போது ஒரு சிறு கிளையில் நகத்தால் தோலைச் சுரண்டிக் காட்டுங்கள். உள்ளே பச்சை தெரியும். அதோடு மொட்டுகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பருத்து உருண்டையாக இருப்பவை பூ மொட்டு. மரம் தூங்கும் இந்த நேரத்திலேயே உள்பக்கம் நெருக்கிய கிளைகளைக் கவாத்து செய்து, தண்டில் படர்ந்த பாசியைச் சாக்குத் துணியால் தேய்த்து, அடியில் வட்டமாகப் பாத்தி கட்டிவிட்டால் உயிருள்ள மரத்தின் களை வந்துவிடும். அந்தக் கிளைகளில் சிலவற்றை வீட்டுக்குள் தண்ணீர் ஜாடியில் வைத்தால் இதமான சூட்டில் சீக்கிரம் மொட்டு அவிழும். பிளம்ஸ் வெள்ளையாகப் பூத்துவிட்டால் நீங்கள் விளக்கமே சொல்ல வேண்டியிருக்காது.

கேள்வி: அம்மா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. குன்னூர் பெட்ஃபோர்டு பக்கத்து வீட்டை நானும் தங்கையும் விற்கிறோம். இருவருமே மதுரையில் இருக்கிறோம். அம்மா வைத்த ஏழு ரோஜாவும் ஒரு பெரிய கமேலியாவும் இருக்கின்றன. விற்கும் வீட்டிலிருந்து செடியைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போவது சரியா? மதுரையில் வருமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நிலத்தை விற்கும்போது அதில் வேரூன்றிய மரம் செடி எல்லாம் நிலத்தோடு சேர்ந்தே போகும். வேறு மாதிரி வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். தொட்டிச் செடி அப்படியில்லை, அது உங்கள் பொருள். ஆகவே எதையாவது பெயர்க்க நினைத்தால், வீட்டை யாருக்கும் காட்டுவதற்கு முன்பே பெயர்த்துவிடுங்கள், அல்லது முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் போடுங்கள். பார்க்கும்போது இருந்த செடி சாவி வாங்கும்போது குழியாக இருந்தால், நல்ல உறவு அந்த இடத்திலேயே கெட்டுவிடும்.

கமேலியாவைத் தொடாதீர்கள். பெரிய மரம் பெயர்த்தால் பிழைப்பது கடினம், பிழைத்தாலும் மதுரை வெயிலில் ஒரு சித்திரையைத் தாண்டாது. அதற்குக் குளிரும் புளித்த மண்ணும், அதாவது அமிலத்தன்மை உள்ள மண்ணும் வேண்டும், நம் மலை இரண்டையும் கொடுக்கிறது. வாங்குகிறவருக்கு ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். எந்த மாதத்தில் பூக்கும், வேர்ப் பக்கம் மண்வெட்டி போடக் கூடாது, இலைச் சருகை அடியில் பரப்ப வேண்டும், சுண்ணாம்போ டாலமைட்டோ போடவே கூடாது என்று. தேயிலைத் தோட்டத்துக்கு டாலமைட் போடுகிற பழக்கத்தில் வேலையாட்கள் இதற்கும் போட்டுவிடுவார்கள். யார் வைத்த மரம் என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். நான் விற்ற வீட்டில் மாமனாரின் ஹைட்ரேஞ்சியாக்களுக்கு அப்படி எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை அவர்கள் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்ததை நான்கு வருடம் கழித்துப் போனபோது பார்த்தேன்.

ரோஜாவைக் கொண்டு போகலாம், செடியாக வேண்டாம், குச்சியாக. எப்படியும் ஜனவரியில் கவாத்து செய்யத்தான் வேண்டும். வெட்டி விழும் கிளைகளில் பென்சில் கனமுள்ள, போன வருடம் வளர்ந்த முற்றிய குச்சிகளை எடுங்கள். ஐந்து கணு நீளம் போதும். கீழ்ப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல்பக்கம் சாய்வாகவும் வெட்டினால் தலைகீழாக நட மாட்டீர்கள். ஒவ்வொரு ரோஜாவையும் தனிக் கட்டாகக் கட்டி, அம்மா அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாரோ அந்தப் பெயரை எழுதிக் கட்டுங்கள். கடைப்பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஈரச் செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் ஈரச் சாக்கு. மலை இறங்கும்போது வண்டியின் வெயில் படாத பக்கம் வையுங்கள்.

மதுரையில் மணலும் மக்கிய தென்னை நார்க் கழிவும் சரிபாதி கலந்த பைகளில், மூன்று கணு உள்ளே போகும்படி நட்டு, நிழலில் வையுங்கள். ஒவ்வொரு ரோஜாவிலும் ஒரு செடி வேண்டுமென்றால் ஆறு குச்சி நடுங்கள். நிறையப் போய்விடும், அதற்காக வருத்தப்படாதீர்கள். துளிர் வந்தவுடன் வேர் வந்துவிட்டது என்று எண்ணி இழுத்துப் பார்க்கக் கூடாது. இரண்டு மாதம் பொறுங்கள். எல்லா ரகமும் சொந்த வேரில், அந்தச் சூட்டில் ஒரே மாதிரி வளராது. மணமுள்ள பழைய ரோஸ் நிற ரகங்கள் கீழ்நாட்டு வெயிலை நன்றாகவே தாங்குகின்றன. தங்கை வீட்டிலும் ஒரு பங்கு நட்டு வையுங்கள், ஓர் இடத்தில் போனாலும் இன்னொரு இடத்தில் நிற்கும்.

தாய்ச்செடி ஏழும் குன்னூரிலேயே இருக்கட்டும். அவற்றையும் அதே நாளில் கவாத்து செய்து, உரம் போட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு வாருங்கள். பங்குனி வெயில் ஏறுவதற்குள் உங்கள் குச்சிகள் வேர் பிடித்திருக்க வேண்டும். அதனால் பொங்கல் முடிந்த வாரமே போங்கள், காலை பத்து மணிக்கு மேல், பனி உலர்ந்த பிறகு வெட்டுங்கள்.